முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது

2023 ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. கோவை வடவள்ளிப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஷட்டில் கோர்ட். நானும் என் கணவரும் ஒரு பக்கம், வழக்கமாக எங்களோடு ஆடும் இன்னொரு ஜோடி எதிர்ப்பக்கம். மிக்ஸ்டு டபுள்ஸ் ஆடுகிற எல்லோரையும் போலத்தான் நாங்களும் நிற்போம்: நான் நெட் பக்கம், அவர் பின்னால். ஸ்கோர் 17-16. எதிரில் இருந்தவர் இறகுப் பந்தை (நாங்கள் காக் என்போம்) உயரமாகத் தூக்கிவிட்டார். அது என் தலைக்கு மேலே பின்னால் போனது. இவர் எட்டிவிடுவாரா என்று பார்க்கத் தலையைத் திருப்பினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

இவர் எட்டிவிட்டார். குதித்து ஸ்மாஷ் அடித்தார். அது நேராக என் வலது கண்ணில் வந்து விழுந்தது.

முதலில் வலி இல்லை. கண்ணுக்குள் ஒரு வெள்ளை வெளிச்சம், பிறகு ஒன்றுமே தெரியவில்லை. ராக்கெட்டைப் போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இவர் ஓடி வந்து, "கையை எடு, பாக்கறேன், கையை எடு" என்றார். குரல் நடுங்கியது. நான்தான், "ஒண்ணுமில்லைங்க, செத்த நேரம் உட்கார்ந்தா சரியாயிடும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் பன்னிரண்டு மணி நேரம் வீணாகிப் போனது. இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். ஷட்டில் ஆடுகிற யாராவது இதைப் படித்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை வீணாக்காமல் இருந்தால் போதும்.

பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை நன்றாகத் தேய்த்தேன். தேய்க்கக் கூடாது என்று அப்போது தெரியாது. யாரோ ஐஸ் வாங்கி வந்தார்கள், அதைத் துணியில் கட்டி அழுத்தி வைத்தேன். அழுத்தவும் கூடாது. இருபது நிமிடத்தில், புகை படிந்த மாதிரி இருந்த பார்வை கொஞ்சம் தெளிந்தது. எதிரில் இருந்த ஸ்கோர் போர்டு படிக்க முடிந்தது. எல்லோருக்கும் நிம்மதி. வீட்டுக்கு வந்துவிட்டோம். வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் ஒரு சொட்டு மருந்தும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மூன்றரை மணிக்கு எழுந்தபோது வலது கண்ணில் மறுபடியும் ஒரே மூட்டம். குமட்டல் வேறு. முகம் கழுவலாம் என்று வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மூட்டம் மெல்ல இறங்கியது. ஏன் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். பழுப்பு நிறக் கருவிழியின் அடியில், ஒரு சின்னக் கிண்ணத்தில் குங்குமத் தண்ணீர் ஊற்றி வைத்தது போல, சிவப்பாக ஏதோ தேங்கி நின்றது. மேல் விளிம்பு கோடு போட்டது போல் நேராக இருந்தது. தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடும் மெதுவாகச் சரிந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது கண்ணின் பாப்பா இடது கண்ணைவிடப் பெரிதாக விரிந்திருந்தது, விளக்கைப் போட்டாலும் சுருங்கவில்லை.

ஹாலுக்கு வந்து சொன்னேன். மாமியார் பதறிப் போய் என் முகத்தைப் பிடித்துப் பார்த்தார். "எதிர்வீட்டு மருமக பிள்ளை பெத்து வந்திருக்கா கண்ணு, ரெண்டு சொட்டுத் தாய்ப்பால் வாங்கி விட்டா சூடு எறங்கிடும்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார், அவர் காலத்தில் கண்ணில் எது வந்தாலும் அதுதான் வைத்தியம். விளக்கெண்ணெய் விடுவதும், துணியை ஊதி ஒத்தடம் கொடுப்பதும் இன்னும் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து எதையும் விடாதீர்கள். அடிபட்ட கண்ணில் வெளியே தெரியாத கிழிசல் இருந்தால் அந்த இரண்டு சொட்டே கிருமியை உள்ளே கொண்டுபோய்விடும். ஒத்தடம் என்றால் அழுத்தம், அதுவும் ஆபத்து. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என் பெண். செல்லில் ஒரு போட்டோ எடுத்து, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தன் தோழியின் அம்மாவுக்கு அனுப்பினாள். "உடனே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, காலையில வரை வைக்காதீங்க" என்று பதில் வந்தது.

கண் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழு. தாடையைத் தாங்கியில் வைத்து, ஒளிக்கற்றை விட்டு டாக்டரம்மா பார்த்தார். கண்ணின் முன்னறையில் ரத்தம் கட்டியிருக்கிறது, இதை ஹைஃபீமா என்பார்கள் என்று சொன்னார். கருவிழிக்கும் அதன் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்துக்கும் நடுவே தெளிந்த நீர் இருக்கும் இடம் அது. காலையில் பார்வை தெளிந்தது குணமானதால் இல்லை, நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால் ரத்தம் அடியில் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். படுத்ததும் பரவிவிட்டது. கண்ணின் அழுத்தம் 34. சாதாரணமாக 10-லிருந்து 21 வரை இருக்க வேண்டும். ரத்தம் வடிகாலை அடைத்துக்கொண்டதால் உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் ஏறிய அழுத்தம் அது. குமட்டலுக்கும் அதுதான் காரணம்.

"காலையில அடிபட்டதுக்கு இப்பத்தான் வர்றீங்களா?" என்று கேட்டார். மாத்திரையின் பெயரைச் சொன்னதும் இன்னும் கோபம் வந்துவிட்டது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுக்கும், கசிவு அதிகமாகலாம், வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள் என்றார். ஏதாவது ரத்தம் சம்பந்தப்பட்ட நோய் உண்டா என்றும் விசாரித்தார்.

அடுத்த ஏழு நாள்களை நான் மறக்க முடியாது. கண் மேல் துளை போட்ட ஒரு கெட்டியான மூடி, அதை டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். படுக்கும்போதும் மூன்று தலையணை வைத்துத் தலை உயர்ந்தே இருக்க வேண்டும். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. அதாவது கூட்டக் கூடாது, தண்ணீர்க் குடம் எடுக்கக் கூடாது, குக்கரைக்கூட இறக்கக் கூடாது. முதல் ஐந்து நாளில் மறுபடி ரத்தம் கசிந்தால் அது முதல் கசிவைவிட மோசமாக இருக்கும் என்று பயமுறுத்தியே அனுப்பியிருந்தார்கள். பாப்பாவை விரித்து வைக்க அட்ரோபின், வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, அழுத்தத்துக்கு டிமோலால் என்று மூன்று சொட்டு மருந்து, கூடவே அசிட்டசோலமைட் மாத்திரை. அந்த மாத்திரை போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல் இருக்கும், சோடா குடித்தால் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும். பக்க விளைவுதான், பயப்பட வேண்டியதில்லை என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். தினமும் அழுத்தம் பார்த்தார்கள். 34, 27, 22, 18.

இவர் அந்த ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். சொட்டு மருந்துக்கு நேரம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, ஒரு வேளை தவறாமல் அவரே விட்டார். மருந்து விடும்போது ஒரு தடவைகூட என் கண்ணை நேராகப் பார்க்கவில்லை, இமையை மட்டும்தான் பார்த்தார். நான் திரும்பினது என் தப்பு என்று எத்தனை சொன்னாலும் அவர் மனசு கேட்கவில்லை.

ரத்தம் ஒன்பதாம் நாள் முழுதாக வடிந்துவிட்டது. பாப்பாவை விரித்து விழித்திரையை ஓரம் வரை பார்த்தார்கள், கிழிசல் இல்லை. அப்பாடா என்று நினைத்தேன். ஐந்து வாரம் கழித்து இன்னொரு பரிசோதனை இருக்கிறது என்றார்கள். பார்வை 6/6 வந்துவிட்டதே, எதற்கு என்று தோன்றியது. நல்லவேளை, போனேன். கண்ணை மரக்க வைத்து, உள்ளே கண்ணாடி வைத்த ஒரு லென்ஸைக் கண்மேலேயே பொருத்தி, வடிகால் இருக்கும் மூலையைச் சுற்றிலும் பார்த்தார்கள். கடிகார முகத்தில் ஏழு மணியிலிருந்து பதினோரு மணி வரை, அந்த மூலை பிய்ந்து பின்னால் தள்ளியிருந்தது. இதற்கு மருந்து இல்லை, இப்போது தொந்தரவும் இல்லை. ஆனால் பத்து வருஷம், இருபது வருஷம் கழித்துக்கூட அந்தப் பக்கம் வடிகால் தளர்ந்து, வலியே இல்லாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா வரலாம். வருஷா வருஷம், வாழ்நாள் முழுக்க அழுத்தம் பார்க்க வேண்டும். கண்ணில் ஷட்டில் பட்டு ரத்தம் கட்டி, பிறகு சரியாகிவிட்டது என்று விட்டுவிட்ட யாராவது இதைப் படித்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, ஒரு தடவை போய் அழுத்தத்தையும் அந்த மூலையையும் பாருங்கள். நான் இதைச் சொன்ன பிறகு எங்கள் கோர்ட்டிலேயே இரண்டு பேர், "எனக்கும் காலேஜ்ல அடிபட்டிருக்கு" என்று கிளம்பிப் போனார்கள்.

ஒரு இறகுப் பந்துக்கு இவ்வளவு பலமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். காக்கின் எடை 5 கிராம் சுமார். ஆனால் அதன் தலை, அந்தத் தக்கை, 25-லிருந்து 28 மி.மீ. குறுக்களவு. நம் கண்குழியின் வாய் அதைவிடப் பெரியது. கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு வளையம் பெரிய பந்து வந்தால் கொஞ்சம் தாங்கும். காக்கின் தலை அந்த வளையத்துக்குள் நேராகப் போய்க் கண்ணையே அடிக்கும். சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷ் ஆட்டத்தின் பந்தும் 40 மி.மீ.தான், அதுவும் இப்படித்தான். இறகுக் காக்குக்குப் பதில் நைலான் காக் என்றால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. நைலான் காக்குக்கும் தலை அதே அளவுதான்.

அந்த மாதம் எங்கள் கோர்ட்டில் பேச்செல்லாம் 565 என்ற எண்ணைப் பற்றித்தான். இந்திய ஷட்டில் வீரர் சாத்விக்சாய்ராஜ் ஜப்பானில் மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் ஸ்மாஷ் அடித்ததைச் சாதனை என்று கின்னஸ் அறிவித்திருந்தது. நாம் அந்த வேகத்துக்குக் கிட்டப் போக மாட்டோம் என்பது உண்மை. காக் காற்றைப் பிடித்துச் சட்டென்று வேகம் இழக்கும் என்பதும் உண்மை. ஆனால் நெட் பக்கம் நிற்பவருக்கும் பின்னால் அடிப்பவருக்கும் நடுவே இருப்பது நான்கு மீட்டர். மணிக்கு 150 கி.மீ. என்று வைத்துக்கொண்டால்கூட அதைக் கடக்கப் பத்தில் ஒரு நொடி போதும். பார்த்து, உணர்ந்து, தலையை விலக்க அது போதாது. வேகம் குறைய வேண்டிய தூரமும் அங்கே இல்லை.

மலேசியாவில் ஊரெல்லாம் ஷட்டில் ஆடுவார்கள் என்பது தெரிந்ததுதானே. அங்கே ஷட்டிலால் வரும் கண் காயங்களைப் பற்றி 1974-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். ஐம்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். ஆனால் எங்கள் ஊரில் முழங்காலுக்குப் பட்டை போடுகிறோம், ஆயிரக்கணக்கில் கொடுத்து ஷூ வாங்குகிறோம், ராக்கெட்டுக்கு நரம்பு எத்தனை பவுண்டு இழுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசுகிறோம். கண்ணைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. சென்னை நேரு பார்க்கில் உள்ள ஸ்குவாஷ் அகாடமிப் பக்கம் போனால் சின்னப் பிள்ளைகள் காகிள், அதாவது கண்ணைக் காக்கும் கண்ணாடி, போட்டு ஆடுவதைப் பார்க்கலாம். உலக அளவிலான ஜூனியர் ஸ்குவாஷ் போட்டிகளில் அது கட்டாயம். ஷட்டிலில் அப்படி ஒரு விதி இல்லை. விதி இல்லாததாலேயே ஆபத்தும் இல்லை என்று நாமாக முடிவு செய்துகொண்டோம்.

காகிள் வாங்கிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பணத்தையும் வீணாக்கினோம். முதலில் இவர் சைக்கிள் ஓட்டப் போடும் கண்ணாடி ஒன்று 350 ரூபாய்க்கு வாங்கினார். விரலால் லென்ஸை வெளியிலிருந்து அழுத்தினேன், டக்கென்று உள்பக்கம் கழன்று விழுந்தது. அதைப் போட்டுக்கொண்டு அடி வாங்கினால் லென்ஸே கண்ணில் குத்தியிருக்கும். இந்த விரல் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். நல்ல விளையாட்டுக் காகிளில் லென்ஸ் உட்காரும் பள்ளம், அடி விழுந்தாலும் லென்ஸ் உள்பக்கம் வராதபடி அமைந்திருக்கும். லென்ஸே இல்லாமல் வெறும் சட்டம் மட்டும் இருக்கும் பழைய மாடல் ஒன்றும் சில இடங்களில் கிடைக்கிறது. காக்கின் தலை அந்த இடைவெளியில் பிதுங்கி உள்ளே போகும், அதை வாங்கவே வேண்டாம்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும். இந்தச் சொல்லைக் கடையில் அப்படியே சொல்லிக் கேளுங்கள். "உடையாத லென்ஸ்" என்று கேட்டால் ஃபைபர் லென்ஸை எடுத்துக் காட்டுவார்கள். கீழே விழுந்தால் உடையாது என்பது சரி, ஆனால் காக் அடித்தால் உடைந்து கூரான துண்டாகும். இவர் பவர் கண்ணாடி போடுபவர். எனக்குத்தான் ஆபத்து, தனக்குக் கண்ணாடி இருக்கிறதே என்று இருந்தார். உண்மையில் சாதாரண பவர் கண்ணாடியோடு ஆடுவது, சும்மா ஆடுவதைவிட மோசமாகப் போகலாம். அவருக்கு விளையாட்டுக் காகிள் சட்டத்திலேயே பவர் போட்ட பாலிகார்பனேட் லென்ஸ் செய்து வாங்கினோம், நடுவில் 2 மி.மீ.க்குக் குறையாத தடிமன் என்று எழுதிக் கொடுத்துக் கேட்டோம். கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஆடுபவர்களும் மேலே காகிள் போட வேண்டும், அந்த லென்ஸ் எதையும் தடுக்காது. என்னுடைய காகிள் பெட்டியில் ஏ.எஸ்.டி.எம். எஃப்3164 என்று போட்டிருந்தது, ராக்கெட் விளையாட்டுகளுக்கென்று உள்ள அமெரிக்கத் தர எண் அது. பழைய பெட்டிகளில் எஃப்803 என்று இருக்கும். 1,900 ரூபாய் ஆனது. நாங்கள் இரண்டு மாதத்தில் வாங்கும் காக்கின் விலை.

போட்ட முதல் வாரம் பெரும் தொல்லை. தகரக் கூரைக்கு அடியில் ஆறு மணிக்கே புழுக்கம், ஐந்தாவது பாயின்ட்டில் லென்ஸ் முழுக்க ஆவி. கழற்றி டீ-ஷர்ட்டில் துடைத்தேன், இரண்டே நாளில் கோடு கோடாகக் கீறல் விழுந்துவிட்டது. பாலிகார்பனேட் உடையாது, ஆனால் சுலபமாகக் கீறும். பிறகு கற்றுக்கொண்டது இது: ஆடுவதற்கு முன் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு பக்கமும் தடவி, லேசாக அலசி, உதறிக் காயவைத்துவிட வேண்டும். நெற்றியில் ஒரு வியர்வைப் பட்டை. துடைக்க வேண்டுமானால் முதலில் தண்ணீர், அப்புறம் மெல்லிய துணி. பக்கவாட்டில் காற்று போக ஓட்டை இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் பாதித் தொல்லை இல்லை. தூரக் கணக்கு தப்பிப் பத்து நாள் நெட் ஷாட்டெல்லாம் வலையில் அடித்தேன். அதற்குப் பிறகு போட்டிருப்பதே மறந்துவிட்டது.

காகிள் மட்டும் போதாது, நிற்கிற முறையும் மாற வேண்டும். முன்னால் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்ட்னர் என்ன செய்கிறார் என்பது எதிரில் இருப்பவர்களின் கண்ணிலும் கால் அசைவிலும் தெரிந்துவிடும், அதைப் படித்தால் போதும். ராக்கெட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது ஆட்டத்துக்கும் நல்லது, முகத்துக்கும் தடுப்பு. பார்ட்னர் தப்பாக நெட் பக்கமே உயரமாகத் தூக்கிவிட்டால், எதிராளி அடிக்கப் போகிறார் என்று அர்த்தம். அங்கே நின்று வீரம் காட்டாமல் பின்னால் வந்துவிட வேண்டும். நடுவில் வரும் காக்குக்கு இரண்டு பேரும் பாய்ந்தால் ராக்கெட்டே முகத்தில் படும். அதனால் "என்னுது" என்று கத்திச் சொல்ல வேண்டும். வார்ம்-அப் என்று ஒரே கோர்ட்டில் இரண்டு காக் போட்டு நாலு பேர் குறுக்கும் நெடுக்குமாக அடிப்பது எங்கள் இடத்தில் வழக்கமாக இருந்தது. எந்தக் காக் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அதை நிறுத்திவிட்டோம்.

அடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்று கோர்ட் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், என் பெண் எழுதியது. ஆட்டத்தை நிறுத்து. தேய்க்காதே, அழுத்தாதே, எதையும் ஊற்றாதே. பேப்பர் கப்பைக் கண்ணைத் தொடாதபடி மூடி, விளிம்பு எலும்பில் நிற்கும்படி டேப் ஒட்டு. தலையை நிமிர்த்தி உட்கார வை. பார்வை தெளிந்தாலும் சரி, அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. பிறகு வரும் நாள்களில் மின்னல் வெட்டுவது போல் தெரிந்தால், கரும்புள்ளிகள் திடீரென்று கூடினால், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதே, விழித்திரை பிரிவதாக இருக்கலாம். ஆஸ்பத்திரி எண்ணும் அதன் கீழே இருக்கிறது.

நான் மறுபடி கோர்ட்டில் இறங்கியது டிசம்பரில். வலது பாப்பா இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது, அது இனி அப்படியேதானாம். எதிர் வெயிலில் கூசுகிறது. அது பழகிவிட்டது. பழகாதது வேறு ஒன்று. நான் முன்னால் நின்றால் இவர் ஸ்மாஷே அடிக்க மாட்டார். நல்ல வாகான காக் வந்தாலும் மெதுவாகத் தட்டிவிடுவார். மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் காகிளைப் போட்ட மேனிக்கே அவர் முன்னால் போய் நின்று, "நான் திரும்ப மாட்டேன். நீங்க அடிங்க" என்றேன்.

அடுத்த பாயின்ட்டில் காக் உயரமாக மேலே போனது. ராக்கெட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு எதிரில் இருந்தவர் கண்ணையே பார்த்தேன். பின்னால் இவர் ஷூ தரையை உந்தும் சத்தம் கேட்டது. எதிரில் இருந்தவர் சட்டென்று முழங்காலை மடக்கினார்.